தேவந்தி காட்டிய குளங்கள்

சிலப்பதிகாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் தேவந்தியை ஒரு பத்தியில் கடந்துவிடுகிறார்கள். கண்ணகியின் பார்ப்பனத் தோழி, கனவைக் கேட்டவள், குளத்தில் நீராடச் சொன்னவள், அவ்வளவுதான். பாடநூல்களும் வினாத்தாள்களும் அவளை ஒரே காரியத்துக்காக வைத்திருக்கின்றன. அவள் ஒரு யோசனை சொல்ல வேண்டும், கண்ணகி அதை மறுக்க வேண்டும், அந்த மறுப்பிலிருந்து கண்ணகியின் கற்பு துலங்க வேண்டும். பதினைந்து ஆண்டுகளாக இக்காப்பியத்தைக் கல்லூரியில் நடத்துகிறேன். இந்த வினாவுக்கு மாணவிகள் எழுதும் விடை ஆண்டுதோறும் ஒன்றாகவே இருக்கிறது. கணவனைத் தவிர வேறு தெய்வம் தொழாதவள் கண்ணகி என்று எழுதுவார்கள். துணைக்கு ஒரு குறள். முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

உ.வே. சாமிநாதையர் 1892-இல் இந்நூலை அச்சிட்டதிலிருந்து இதைப் பற்றிய பெரிய விவாதங்களெல்லாம் இந்தக் கற்பைச் சுற்றியே நடந்திருக்கின்றன. ம.பொ.சி. தமிழினத்தின் காப்பியமாக இதைத் தூக்கிப் பிடித்தார். பெரியார் பெண்ணடிமைத்தனத்தைப் போதிக்கும் நூல் என்று சாடினார். ஒருவர் கொண்டாடியதும் மற்றவர் எதிர்த்ததும் அதே கண்ணகியைத்தான். இருவரின் சண்டையிலும் தேவந்திக்கு இடமில்லை.

எனக்கோ, இந்தக் காப்பியம் கோயிலைப் பற்றியும் பெண்ணைப் பற்றியும் சொல்லும் மிக முக்கியமான செய்தி தேவந்தியிடம்தான் இருப்பதாகப் படுகிறது. ஒரு பெண்ணுக்கு அநீதி நேரும்போது அவளுக்கு ஒரு புனித இடம் காட்டப்படுகிறது. அங்கே போனால் சரியாகிவிடும் என்று சொல்லப்படுகிறது. அப்படிச் சொல்லும்போது அவளுடைய வழக்கு அவளுடைய வினையாக மாறிவிடுகிறது. யாரையோ கேட்க வேண்டிய கேள்வி, அவள் கழிக்க வேண்டிய பாவமாகிவிடுகிறது. இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதைக் காப்பியத்தின் வழியே பார்க்க விரும்புகிறேன்.

1

தேவந்தி வருவது ஒன்பதாவது காதையில், கனாத்திறம் உரைத்த காதையில். ஆனால் அந்தக் காதை அவளிலிருந்து தொடங்கவில்லை. மாலதி என்ற இன்னொரு பெண்ணிலிருந்து தொடங்குகிறது.

மாலதி தன் மாற்றாளின் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். பால் விக்கிக் குழந்தை இறந்துவிடுகிறது. அவளைப் பிடித்துக்கொள்வது துக்கத்தைவிட அச்சம். கணவனும் மாற்றாளும் தன்மேல் பழி போடுவார்கள், தன் சொல்லை நம்பமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு மனைவிகள் இருக்கும் வீட்டில், ஒருத்தியின் குழந்தை மற்றவளின் கையில் இறந்தால் என்ன நடக்கும் என்பதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இறந்த பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு புகாரின் கோட்டங்களுக்கெல்லாம் போகிறாள். கற்பகத் தருவின் கோட்டம், வெள்ளை யானையின் கோட்டம், பலதேவனின் கோட்டம், கதிரவன் கோட்டம், முருகவேளின் கோட்டம், வச்சிரப்படையின் கோட்டம், நிக்கந்தக் கோட்டம், நிலாக் கோட்டம் என்று பத்துக் கோட்டங்களை இளங்கோ வரிசையாகச் சொல்கிறார். புகார் எவ்வளவு பெரிய நகரம், எத்தனை சமயங்கள் அங்கே அருகருகே இருந்தன என்பதற்குச் சான்றாக வரலாற்றாசிரியர்கள் இந்தப் பட்டியலைக் காட்டுவார்கள். அது சரிதான். ஆனால் கதைக்குள் நின்று பார்த்தால், இறந்த குழந்தையோடு ஒரு பெண் தட்டிய கதவுகளின் பட்டியல் இது. ஒன்றும் திறக்கவில்லை.

கடைசியில் பாசண்டச் சாத்தனின் கோட்டத்தில் வரம் கேட்டுக் கிடக்கிறாள். அங்கே ஓர் இளம்பெண்ணின் வடிவில் வரும் இடாகினிப் பேய், தவம் செய்யாதவர்களுக்குத் தேவர் வரம் தரமாட்டார்கள் என்று சொல்லி, குழந்தையின் உடலைப் பறித்துச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்த் தின்றுவிடுகிறது. மாலதி கதறுகிறாள். அப்போதுதான் சாத்தன் இரங்குகிறான். தானே ஒரு குழந்தையாகி அவள் கையில் சேர்கிறான். மாலதி பிழைத்துக்கொள்கிறாள்.

இங்கே கதை முடிந்திருந்தால் அது ஒரு தலபுராணம். இளங்கோ முடிக்கவில்லை. குழந்தையாக வந்த அந்தத் தெய்வம் வளர்கிறது, கல்வி கற்கிறது, பெற்றோருக்கு இறுதிக்கடன் செய்கிறது, தாயாதிகளோடு சொத்து வழக்கைத் தீர்க்கிறது, ஒரு பெண்ணைத் திருமணமும் செய்துகொள்கிறது. அந்தப் பெண்தான் தேவந்தி. எட்டு ஆண்டுகள் அவளோடு வாழ்ந்த பிறகு, தன் மூவாத இளமை வடிவத்தை அவளுக்குக் காட்டி, தன் கோட்டத்துக்கு வா என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான்.

ஆக, ஒரு பெண்ணைப் பழியிலிருந்து காப்பாற்றிய தெய்வம் இன்னொரு பெண்ணை எட்டு ஆண்டு இல்லறத்துக்குப் பின் கைவிட்டிருக்கிறது. மாலதிக்குக் கிடைத்த அருளுக்கான விலையைத் தேவந்தி கொடுத்திருக்கிறாள். தாயாதி வழக்கைத் தீர்க்கும்வரை இருந்தவனுக்கு மனைவியின் கணக்கைத் தீர்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

தேவந்தி ஊராரிடம் என்ன சொல்கிறாள் என்பது இன்னும் கவனிக்கத்தக்கது. கணவன் புனிதத் துறைகளில் நீராடப் போயிருக்கிறான் என்கிறாள். அவனை மீட்டுத் தரச் சொல்லி நாள்தோறும் அவன் கோட்டத்துக்கே போய் வழிபடுகிறாள். கைவிடப்பட்ட ஒரு பெண் தன் நிலையை ஊரிலிருந்து மறைத்துக்கொள்ளத் தீர்த்த யாத்திரை அவளுக்கு உதவுகிறது. கணவன் எங்கே என்று கேட்டால் காசிக்குப் போயிருக்கிறார், சபரிமலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிச் சமாளிக்கும் பெண்களை நாம் அறிவோம். புனித இடத்தின் பெயரைச் சொன்னால் மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை.

2

இந்தத் தேவந்திதான் கண்ணகியிடம் வருகிறாள். கோவலன் மாதவியோடு போய்விட்ட துயரத்தைக் கேள்விப்பட்டு, அறுகும் பூவும் நெல்லும் தூவி வழிபட்டு, கணவனை அடைவாய் என்று வாழ்த்துகிறாள். அப்போதுதான் கண்ணகி தன் கனவைச் சொல்கிறாள்.

அந்தக் கனவை நிதானமாகப் படிக்க வேண்டும். கணவன் என் கையைப் பிடித்து அழைத்துப்போனான்; ஒரு பெரிய ஊருக்குப் போனோம்; அந்த ஊரார் எங்கள்மேல் பொருந்தாத ஒரு பழியைச் சுமத்தினார்கள்; கோவலனுக்குத் தீங்கு நேர்ந்தது என்று கேட்டேன்; அரசன் முன் நின்று வழக்குரைத்தேன்; அந்த அரசனுக்கும் ஊருக்கும் கேடு வந்தது. இவ்வளவும் கண்ணகி சொல்கிறாள். இதுவரை வீட்டைவிட்டு வெளியே வந்து யாரிடமும் ஒரு சொல் பேசியிராத பெண் சொல்கிறாள். அவளுடைய கனவில் கோயில் இல்லை, குளம் இல்லை, தெய்வம் இல்லை. பழி இருக்கிறது, ஊர் இருக்கிறது, அரசன் இருக்கிறான், அவன் முன் பேசும் அவள் இருக்கிறாள். தான் நிற்க வேண்டிய இடம் அரசவை என்பதை அவளுடைய கனவு அவளுக்குச் சொல்லிவிட்டது.

தேவந்தி இதில் எதையும் காதில் வாங்கிக்கொள்வதில்லை. கணவன் உன்னை வெறுக்கவில்லை என்று தேற்றுகிறாள். பிறகு, முற்பிறப்பில் கணவனுக்காகச் செய்ய வேண்டிய ஒரு நோன்பை நீ தவறவிட்டிருக்கிறாய், அந்தக் கேடு நீங்கட்டும் என்கிறாள். காவிரி கடலோடு சேரும் இடத்தில், நெய்தல் மணக்கும் கானலில், சோமகுண்டம், சூரியகுண்டம் என்று இரண்டு குளங்கள் இருக்கின்றன. அவற்றில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழுத பெண்கள் இம்மையில் கணவனோடு இன்புறுவார்கள், மறுமையில் போகபூமியில் பிறப்பார்கள். நாமும் ஒருநாள் நீராடுவோம் என்று அழைக்கிறாள்.

வீட்டைவிட்டுப் போனவன் கோவலன். குலப்பொருளை அழித்தவன் கோவலன். ஆனால் தவறு எங்கே தேடப்படுகிறது? கண்ணகியிடம். இந்தப் பிறவியில் அவளிடம் தவறு காட்ட முடியாததால் முற்பிறவிக்குப் போக வேண்டியிருக்கிறது. தேவந்தியிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கண்ணகியின் மேல் உண்மையான அன்பு உள்ளவள் அவள். தன் வாழ்வைத் தாங்கிக்கொள்ளத் தனக்குக் கிடைத்த ஒரே வழியைத் தோழிக்கும் காட்டுகிறாள். அதுவே இதை இன்னும் கனமாக்குகிறது. கோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தும் கணவன் திரும்பாத ஒருத்தி, கோட்டத்துக்குப் போனால் கணவன் திரும்புவான் என்று இன்னொருத்திக்குச் சொல்கிறாள்.

கண்ணகி இதற்குச் சொல்லும் பதில் மிகச் சிறியது. அது தனக்குப் பெருமை தராது என்கிறாள். இதைத்தான் உரைமரபும் வகுப்பறையும் கற்பின் இலக்கணமாகப் படித்திருக்கின்றன. வேறு தெய்வத்தைத் தொழுவது கற்புக்கு இழுக்கு என்று அவள் கருதினாள் என்பது விளக்கம். அந்தப் பொருளும் அங்கே இருக்கக்கூடும், மறுக்கவில்லை. ஆனால் கனவையும் மறுப்பையும் சேர்த்து வாசித்தால் இன்னொரு பொருள் தெளிவாகக் கிடைக்கிறது. அரசன் முன் வழக்குரைப்பதாகக் கனவு கண்ட ஒரு பெண்ணிடம், குளத்தில் மூழ்கிப் பாவம் கழிக்கச் சொல்கிறார்கள். அவள் வேண்டாம் என்கிறாள். தான் செய்யாத தவறுக்குப் பரிகாரம் செய்வது தன் மதிப்புக்கு ஏற்றதல்ல என்று அவள் நினைத்திருந்தால், அந்தச் சிறிய பதிலுக்கு அதுவும் பொருந்தும்.

3

புகார் அறம் காக்கும் தெய்வங்கள் நிறைந்த நகரம். இந்திரவிழாக் காதையில் ஐவகை மன்றங்கள் வருகின்றன. அவற்றில் ஒன்று பூதசதுக்கம். அங்கிருக்கும் பூதம் குற்றவாளிகளைப் பாசத்தால் கட்டிப் புடைத்துத் தின்னும். யார் யார் குற்றவாளிகள்? போலித் தவசிகள், ஒளிவாய்த் தவறு செய்யும் பெண்கள், அரசனுக்குத் துரோகம் செய்யும் அமைச்சர்கள், பிறன்மனை விரும்புவோர், பொய்ச்சாட்சி சொல்வோர், புறங்கூறுவோர்.

இந்த ஆறு பேரில் மனைவியைக் கைவிட்டுப் பரத்தையிடம் போகும் கணவன் இல்லை. மாதவி பிறன்மனை அல்ல என்பதால் கோவலன் பூதத்தின் கைக்கு எட்டாதவன். கண்ணகிக்கு நேர்ந்தது அந்த ஊரின் தெய்வக் காவலில் குற்றமாகவே பதிவாகவில்லை. அப்படிப்பட்ட ஊரில் எந்தக் குளத்தில் மூழ்கினால் என்ன?

மதுரைக்குப் போகும் வழியில் கவுந்தியடிகள் துணை வருகிறார். சமணத் துறவி, தவ வலிமை உள்ளவர். மதுரையின் புறஞ்சேரியில் கண்ணகியை ஆயர்குல முதுமகள் மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அடைக்கலத்தின் பெருமையைச் சொல்வதற்கென்றே ஒரு காதை இருக்கிறது. அடுத்த காதையில் கோவலன் கொல்லப்படுகிறான்.

அதன் பின் வருவது ஆய்ச்சியர் குரவை. பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஏற்றின் கண்களில் நீர் வழிகிறது, மணிகள் அறுந்து விழுகின்றன. தீய அறிகுறிகளைக் கண்ட மாதரி, திருமாலைப் பாடிக் குரவை ஆடுவோம் என்கிறாள். கண்ணகியும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தமிழின் மிக அழகான பக்திப் பாடல்களில் சில இந்தக் காதையில் இருக்கின்றன. பாடத்திட்டங்களில் தனியாக எடுத்து வைக்கப்படுபவை. ஆனால் காதைகளின் வரிசையை நாம் மறந்துவிடக் கூடாது. வாசிக்கும் நமக்குக் கோவலன் ஏற்கெனவே இறந்துவிட்டான். நடந்து முடிந்த ஒன்றைத் தடுக்க அந்தப் பெண்கள் கைகோத்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டம் முடிந்து, பூவும் புகையும் சாந்தும் எடுத்துக்கொண்டு வையைத் துறைக்கு நீராடித் தொழ மாதரி போன நேரத்தில்தான் செய்தி வருகிறது.

பிறகு இவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை நீர்ப்படைக் காதையில் மாடலன் வாயால் கேட்கிறோம். அடைக்கலம் காக்கத் தவறிய மாதரி தீயில் புகுந்து இறந்தாள். கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். கண்ணகியின் தாயும் கோவலனின் தாயும் துயரத்தில் இறந்தார்கள். தந்தையர் இருவரும் செல்வத்தைத் தானம் செய்துவிட்டுத் துறவில் சேர்ந்தார்கள். கோவலனின் தந்தை பௌத்தத்தில், கண்ணகியின் தந்தை ஆசீவகத்தில். அதே இழப்பு, அதே வீடுகள். ஆண்களுக்குச் சமயம் வாழ்வதற்கு ஓர் இடம் கொடுத்தது. மனைவியருக்கு அது கிடைக்கவில்லை. மாதவியும் மணிமேகலையும் துறவில் வழி கண்டார்கள் என்பது உண்மை. ஆனால் துறவியான பிறகும் மணிமேகலையை உதயகுமரன் துரத்துகிறான். சம்பாபதி கோயிலுக்குள் போய்க் காயசண்டிகையின் வடிவத்தை எடுத்துக்கொண்ட பிறகுதான் அவளால் வெளியே நடமாட முடிகிறது. கோயில் அவளைக் காப்பாற்றவில்லை. வேறொருத்தியாக உருமாறியதால் தப்பினாள்.

4

ஊர்சூழ்வரியில் கண்ணகி மதுரைத் தெருக்களில் நின்று கேட்கும் கேள்விகளின் வரிசையைக் கவனியுங்கள். இந்த ஊரில் பெண்கள் இருக்கிறார்களா என்று முதலில் கேட்கிறாள். அடுத்துச் சான்றோர் இருக்கிறார்களா என்கிறாள். தெய்வம் இருக்கிறதா என்று கேட்பது மூன்றாவதாகத்தான். கணவனின் அநீதியான சாவுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள், அதிலும் முதலில் பெண்கள் என்பது போல் அந்த வரிசை இருக்கிறது. பிறகு அவள் கோயிலுக்குப் போகவில்லை. அரண்மனை வாயிலுக்குப் போகிறாள். கையில் காற்சிலம்பு இருக்கிறது. அது சான்றுப் பொருள். தன் சிலம்பின் உள்ளே இருப்பவை மணிகள் என்று சொல்லி, உடைத்துக் காட்டி, வழக்கை வெல்கிறாள். கனவில் கண்ட இடத்தில் நின்று, கனவில் செய்ததைச் செய்கிறாள். காப்பியம் முழுவதிலும் ஒரு பெண்ணின் துயரத்துக்கு நேரான பதில் கிடைக்கும் ஒரே இடம் அந்த அவைதான்.

மதுராபதி என்னும் நகரத் தெய்வம் எல்லாம் முடிந்த பிறகு வருகிறது. ஊர் எரியும்போது, கண்ணகியின் முன்னால் நிற்கத் துணியாமல் பின்னால் வந்து நிற்கிறது என்கிறார் இளங்கோ. வந்து என்ன சொல்கிறது? மறுபடியும் முற்பிறவி. சிங்கபுரத்தில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்த பரதன்தான் இப்போதைய கோவலன். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அழுது திரிந்து, மலையேறி விழுந்து, சாபம் கொடுத்தாள். அதன் பயன் இது.

குளங்களைக் காட்டித் தேவந்தி செய்ததை இங்கே நகரத் தெய்வமே செய்கிறது. கண்ணகி வென்ற வழக்கு வினைக் கணக்காகத் திருப்பி எழுதப்படுகிறது. அரசன் விசாரிக்காமல் கொன்றான் என்ற அப்பட்டமான உண்மை, முன்னொரு காலத்தில் அழுத இன்னொரு பெண்ணின் சாபத்துக்குள் மறைந்துபோகிறது. கணவனை அநியாயமாகப் பறிகொடுத்த இரண்டு பெண்கள், ஒருத்தியின் கண்ணீருக்கு இன்னொருத்தியின் கண்ணீர் ஈடு என்று கழிக்கப்படுகிறார்கள். நீலிக்கு எந்த அவையும் கிடைத்ததாகக் கதை சொல்லவில்லை.

பிறகு கோயில் வருகிறது. சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் எடுத்து, கங்கையில் நீராட்டி, போரில் தோற்ற கனகவிசயர் தலையில் ஏற்றிக் கொண்டுவருகிறான். கண்ணகியை வழிபட வேண்டும் என்று முதலில் சொன்னவள் அவன் அரசி வேண்மாள். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் செய்ய நினைத்த மரியாதை, அரசன் கையில் போராகவும் வெற்றிச் சின்னமாகவும் ஆகிறது. பாண்டிய நாட்டிலோ, மழையின்றி வருந்திய நாட்டைக் காக்க வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்று உரைபெறு கட்டுரை சொல்கிறது. ஒரு பொற்கொல்லன் செய்த குற்றத்துக்கு ஆயிரம் பேர். விசாரணை இல்லாமல் கொன்றதற்காக ஓர் அரசனைக் கேள்வி கேட்ட பெண்ணின் பெயரால், அதே நாட்டின் அடுத்த அரசன் விசாரணை இல்லாமல் ஆயிரம் பேரைக் கொல்கிறான். அது வழிபாடு எனப்படுகிறது, மழையும் பெய்கிறது. கண்ணகி தெய்வமாக்கப்பட்ட விதம் இது. அவள் கேட்ட கேள்வியை அதிகாரம் ஏற்றுக்கொள்ளவில்லை. அவளை மட்டும் ஏற்றுக்கொண்டது.

கடைசிக் காதையில் தேவந்தி மறுபடியும் வருகிறாள். வஞ்சியில் அவள்மேல் பாசண்டச் சாத்தன் ஆவேசித்துப் பேசுகிறான். அன்று தன் கோட்டத்துக்கு வரச் சொல்லிவிட்டுப் போன கணவன் இப்போது அவள் உடலுக்குள் வருகிறான். கண்ணகி கோட்டத்தில் நாள்தோறும் பூசை செய்யும் பொறுப்பை அவளிடம் செங்குட்டுவன் ஒப்படைக்கிறான். இதைச் சிறுமைப்படுத்த நான் விரும்பவில்லை. கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்குத் தனக்கென்று ஒரு பணியும் மதிப்பும் கிடைத்திருக்கின்றன. அன்று கோட்டத்துக்குப் போக மறுத்த தோழி இன்று கோட்டத்துக்குள் கல்லாக நிற்கிறாள். அழைத்தவள் அவளுக்குப் பூவிடுகிறாள்.

தமிழில் கோட்டம் என்றால் கோயில். சிறைக்கும் சிறைக்கோட்டம் என்றுதான் பெயர். வளைவுக்கும் நேர்மையின்மைக்கும் கோட்டம் என்பதே சொல். மணிமேகலை அரசனிடம் கேட்டுப் பெறும் வரம், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்று என்பது. தொழுவதற்கு இன்னொரு கோட்டத்தை அவள் கேட்கவில்லை. அடைபட்டவர்கள் வெளியே வரவும் பசித்தவர்கள் உண்ணவும் ஓர் இடம் கேட்டாள். இரட்டைக் காப்பியங்களில் புனித இடத்தைப் பற்றி ஒரு பெண் முன்வைக்கும் மிகத் தெளிவான மாற்று அதுதான்.

5

இதையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க முடியாதபடி நம்மைச் சுற்றித் தேவந்திகள் இருக்கிறார்கள். குடித்துவிட்டு அடிக்கும் கணவனுக்கு ராகு காலத்தில் எலுமிச்சை விளக்கு. வேறு பெண்ணோடு போய்விட்டவனுக்கு நாற்பத்தெட்டு நாள் சுற்று. திருமணம் தள்ளிப்போனால் திருமணஞ்சேரி. வேண்டுதலுக்கு வேளாங்கண்ணி, மந்திரித்த கயிற்றுக்கு தர்கா. எந்த மதமானாலும் யோசனையின் அமைப்பு ஒன்றுதான். தவறு செய்தவன் வீட்டில் இருப்பான். பரிகாரம் செய்ய அவள் போவாள். ஜாதகத்தில் தோஷம் என்பது தேவந்தி சொன்ன முற்பிறவி நோன்பின் இன்றைய பெயர். சொல்கிறவர்கள் பெரும்பாலும் அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா. அவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கும் வேறு எதுவும் காட்டப்படவில்லை.

இந்த ஆறுதலை நான் கேலி செய்யவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் வீட்டைவிட்டு வெளியே போய், மற்ற பெண்களோடு உட்கார்ந்து, அழுவதற்குக் கூச்சப்படாமல் இருக்கக் கோயிலைத் தவிர வேறு இடம் இல்லாத பெண்கள் ஏராளம். சிக்கல், ஆறுதல் பாதுகாப்பாகக் காட்டப்படும் இடத்தில் தொடங்குகிறது. 48 நாள் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அவள் அதே வீட்டில், அதே கையின் கீழ் இருக்கிறாள்.

இந்த நம்பிக்கைக்கு என்ன விலை ஆகக்கூடும் என்பதை ஏர்வாடி காட்டியது. இராமநாதபுரம் மாவட்டத்தில் தர்காவின் அருள் மனநோயைத் தீர்க்கும் என்று நம்பிக் குடும்பங்கள் கொண்டுவந்து விட்டவர்கள், அங்கிருந்த தனியார் காப்பகங்களில் சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு காப்பகத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தபோது அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பெண்களும் அதில் இருந்தார்கள். புனிதத் தலத்தில் விட்டிருக்கிறோம், பத்திரமாக இருப்பார்கள் என்ற எண்ணம் குடும்பத்துக்கு நிம்மதியைக் கொடுத்தது. சங்கிலியை யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் அது சிகிச்சையின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டார்கள்.

சிலைகளுக்கும் இதில் பங்கு உண்டு. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் கண்ணகிக்குச் சிலை வைத்தார்கள். 2001 டிசம்பரில் அது அகற்றப்பட்டது. 2006-இல் மீண்டும் வைக்கப்பட்டது. கட்சிகள் அதற்காகப் போராடின, அறிக்கைகள் வந்தன. தமிழக - கேரள எல்லையில் மங்கலதேவி கண்ணகி கோயிலை ஆண்டில் ஒரே ஒரு நாள், சித்திரைப் பௌர்ணமி அன்று திறக்கிறார்கள். அந்த இடம் யாருக்குச் சொந்தம் என்ற தகராறு இன்னும் இருக்கிறது. கல் எங்கே நிற்க வேண்டும் என்பதில் இவ்வளவு அக்கறை உள்ள நாம், வழக்கோடு வரும் பெண் எங்கே நிற்க வேண்டும் என்பதில் காட்டுவது குறைவு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. கணவனோடு வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமையை அது பெண்ணுக்குக் கொடுக்கிறது. பாதுகாப்பு ஆணை கேட்கலாம், பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். வழக்கு நடத்தப் பணமில்லை என்றால், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. என் வகுப்பில் திருமணஞ்சேரிக்கு எந்த ஊரில் பேருந்து மாற வேண்டும் என்பது தெரிந்த மாணவிகள் இருக்கிறார்கள். தங்கள் மாவட்டத்துப் பாதுகாப்பு அலுவலரின் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களை அரிதாகவே பார்க்கிறேன். காவல் நிலையத்துக்குப் போனாலும் அங்கேயும் ஒரு தேவந்தி உட்கார்ந்திருப்பாள், அனுசரித்துப் போம்மா என்பாள் என்பதும் உண்மைதான். அதற்காகக் குளத்துக்குத் திரும்பிப் போக முடியாது. அவையைச் சரியாக நடத்தச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

கோயில் என்றாலே வழக்கை விழுங்கும் இடம் என்று முடிவுகட்டவும் நான் தயாரில்லை. ஈழத்தில், மட்டக்களப்புப் பகுதியின் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசி மாதத்தில் சடங்கு நடக்கும்போது 'கண்ணகி வழக்குரை' படிக்கப்படுகிறது. அவளுடைய சினம் தணியக் குளிர்த்தியும் நடக்கிறது. சினத்தைத் தணிக்கும் முன் வழக்கைக் கேட்க வேண்டும் என்ற நினைவையாவது அந்த மரபு வைத்திருக்கிறது. 2017 பிப்ரவரியில், போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்களும் உறவுகளும் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். கோயில் வாசலில்தான் அமர்ந்தார்கள். ஆனால் கையில் பிள்ளைகளின் படங்களை வைத்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் எங்கே என்று அரசைக் கேட்டார்கள். சிலம்பைக் கையில் ஏந்தியவள் செய்ததும் இதைத்தான். அங்கே அந்த முன்றல் வழக்குரைக்கும் இடமாயிற்று.

எனவே, கோயிலுக்குப் போகலாமா கூடாதா என்று நான் மாணவிகளிடம் கேட்பதில்லை. நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் வேறு. உன்னை அங்கே அனுப்புகிறவர்கள் தவறு யாருடையது என்று சொல்கிறார்கள்? திரும்பி வரும்போது உன் வீட்டில் எது மாறியிருக்கும்? தவறு செய்தவன் இதற்காக எதையாவது செய்ய வேண்டியிருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காவிட்டால் உனக்குக் காட்டப்படுவது சோமகுண்டம்.

அடுத்த தேர்விலும் கண்ணகியின் கற்புத்திறத்தை விளக்குக என்ற வினா வரும். குளத்துக்கு வர மறுத்ததற்கு முன் அவள் சொன்ன கனவையும் விடையில் எழுதும்படி என் மாணவிகளிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கனவில் அவள் அரசன் முன் நின்று பேசுகிறாள்.